ஹாலெட்டின் பூட்டு

சவப்பெட்டி வீட்டு வாசலைத் தாண்டியதும் தூக்கிய நான்கு பேரும் வலது பக்கம் திரும்பினார்கள். அங்கே சாலையோரம் கறுப்பு வண்டி கதவைத் திறந்துகொண்டு நின்றது.

"அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம்" என்று ஹெஸ்டர் இடது பக்கம் கை காட்டினாள்.

இடது பக்கம் ஹாலெட்டின் மேய்ச்சல் நிலம். அதைக் குறுக்கே கடந்தால் அரை மைலில் தேவாலயம். வண்டிக்காரர் தொப்பியைக் கையில் பிடித்தபடி ஏதோ சொல்ல வந்தார். அவள் காதில் வாங்கவில்லை. முன்னால் தோள் கொடுத்திருந்த சித்தப்பா வில்ஃப் ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு இடது பக்கம் திரும்பினார். மற்ற மூவரும் திரும்பாமல் என்ன செய்வார்கள், பெட்டி ஒன்றுதானே.

பெட்டிக்குள் அவள் அப்பா ஆம்ப்ரோஸ். நாற்பது வருடம் கோபுரக் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தவர். சனிக்கிழமை தவறாமல் இந்த நிலத்தின் ஒற்றையடிப் பாதையில் போய்ச் சாவி கொடுத்துவிட்டு, மனைவியின் கல்லறையில் இரண்டு பூவை வைத்துவிட்டுத் திரும்புவார். போன அக்டோபரில் ஹாலெட் அந்த நிலத்துக் கேட்டுக்குச் சங்கிலி சுற்றிப் பூட்டுப் போட்டார். ஆம்ப்ரோஸின் நாய் ஆடுகளைத் துரத்தியதாம். அந்த நாய்க்குப் பதினான்கு வயது. மாடிப்படி ஏறவே ஆள் தூக்கிவிட வேண்டும்.

ஆம்ப்ரோஸ் சண்டைக்குப் போகவில்லை. சாலை வழியாக மூன்று மைல் சுற்றி நடந்தார். ஜனவரியில் ஓடை பெருகிச் சாலையை மூடியபோதும், கடிகாரம் நிற்கக் கூடாது என்று முழங்கால் தண்ணீரில் இறங்கிப் போனார். அன்று சளி நெஞ்சில் இறங்கியது. பத்தொன்பது நாள் இருமினார். ஒவ்வொரு இருமலையும் ஹெஸ்டர் ஹாலெட்டின் பெயரில் எழுதி வைத்துக்கொண்டாள்.

சவப்பெட்டி ஒரு தடவை போன வழியைப் பிறகு யாரும் அடைக்க முடியாது, அது ஊருக்குச் சொந்தமாகிவிடும் என்பது அந்தப் பக்கத்து ஜனங்களின் நம்பிக்கை. அப்படி ஒரு சட்டமே கிடையாது என்று, பட்டணத்திலிருந்து வந்திருந்த இளம் பாதிரியார் முந்தின நாள் தேநீர் குடித்தபடி அவளுக்குப் பொறுமையாக விளக்கினார். ஹெஸ்டர் முழுவதையும் கேட்டாள்.

"சட்டத்துக்குத் தெரிய வேணாங்கய்யா. ஹாலெட்டுக்குத் தெரிஞ்சா போதும்."

கேட்டுக்கு வந்ததும் அவள் கறுப்புக் கோட்டுக்குள்ளிருந்து ஓர் இரும்புவெட்டியை எடுத்தாள். வில்ஃப் ஊர்க் கொல்லர். தன் பட்டறைச் சாமானை அவருக்கா அடையாளம் தெரியாது.

"அது என்னோடதாச்சே."

"ஆமா சித்தப்பா."

இரண்டாவது அழுத்தில் சங்கிலி அறுந்தது. பூட்டு சேற்றில் விழுந்தது. அதை எடுத்துத் துடைக்காமல் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

பெட்டி பாதி நிலம் தாண்டவில்லை, மேட்டு வீட்டிலிருந்து ஹாலெட் ஓடிவந்தார். பூட்ஸ் கயிறு கூடக் கட்டவில்லை. வழியை மறித்துக் கையை விரித்து நின்றார். முகத்தில் ரத்தமில்லை. இந்த நம்பிக்கை அவருக்கும் தகப்பன் வழிச் சொத்து.

"வண்டி நிக்குதுல்ல? ரோட்டு வழியா கொண்டு போங்க."

"ரோட்டு வழியா போயித்தான் எங்கப்பா செத்தாரு," என்றாள் ஹெஸ்டர்.

வில்ஃப் நடையை நிறுத்தவில்லை. பெட்டி நெஞ்சில் இடிக்கும் அளவுக்கு வந்ததும் ஹாலெட் ஒதுங்கினார். ஒதுங்கியவர் போகவும் இல்லை. வக்கீல், கோர்ட்டு என்று கத்திக்கொண்டு பெட்டியை ஒட்டியே நடந்தார். ஆடுகள் தலை தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தன.

தோட்டக்கார ஜெத்ரோவுக்கு எழுபது வயது. பின்னால் தோள் கொடுத்து வந்தவர், பள்ளத்தில் இறங்கும்போது முயல் வளையில் கால் விட்டார். முழங்கால் மடங்கியது. பெட்டியின் ஒரு மூலை சரிந்தது.

ஹாலெட்டின் வாய் நின்றது. என்ன செய்கிறோம் என்று யோசிப்பதற்குள் அவர் தோள் பெட்டிக்கு அடியில் போயிருந்தது.

ஜெத்ரோ சேற்றைத் துடைத்துக்கொண்டு எழுந்து, தன் இடத்துக்கு வந்தார். ஹெஸ்டர் அவர் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"நீங்க வேணாம் மாமா. அவரு தூக்கட்டும்."

"ஹெஸ்டர், ஆளை மாத்தச் சொல்லும்மா," என்றார் ஹாலெட். குரல் இறங்கியிருந்தது.

"கீழ போட்ருங்களேன், உங்களால முடிஞ்சா."

அவரால் முடியவில்லை. யாராலும் முடியாது என்று அவளுக்குத் தெரியும். மிச்சமிருந்த கால் மைலும் அவள் அவருக்கு நேர் பின்னால் நடந்தாள். கயிறு கட்டாத பூட்ஸ் சேற்றில் மாட்டி மாட்டி வந்தது. அவர் கழுத்து சிவந்து வியர்ப்பதைப் பார்க்க அவளுக்கு அப்படி ஒரு திருப்தி. அப்பா இருமத் தொடங்கியதிலிருந்து முதல் தடவையாக நெஞ்சு நிறைய மூச்சு விட்டாள்.

தேவாலயச் சுவரோரம் ஊரே நின்றிருந்தது. ஹாலெட் தன் நிலத்தின் வழியாகத் தானே பெட்டியைச் சுமந்து வருவதை எல்லோரும் பார்த்தார்கள். சாராயக்கடையில் பேசிக்கொள்ள ஆயுசு முழுக்க இது போதும். சாவி கொடுக்க ஆளில்லாமல் கோபுரக் கடிகாரம் நாலு பத்தில் நின்றிருந்தது.

பெட்டியை இறக்கிவிட்டு உடனே நழுவ ஹாலெட்டால் முடியவில்லை. தோளைத் தேய்த்துக்கொண்டு குழியின் மறுபக்கம் நின்றார். பாதிரியார் ஜெபத்தை முடித்தார். வில்ஃப் ஒரு பிடி மண் போட்டார். ஜெத்ரோ போட்டார்.

ஹெஸ்டர் மண்ணுக்குக் குனியவில்லை. கோட்டுப் பைக்குள் கைவிட்டு, எடுத்ததை அப்படியே குழிக்குள் விட்டாள். பலகையில் இரும்பு விழும் சத்தம் கேட்டது.

எதிரே ஹாலெட்டின் கை மெல்லத் தன் கோட்டுப் பையைத் தொட்டுப் பார்த்தது. பூட்டின் சாவி அங்கேதான் இருந்தது.