இருமிய மீன்

ஐராசில்டா இரண்டு கைகளாலும் தூளியின் வாயை இழுத்து மூடினாள். மூடிய பிறகும் உள்ளே ஏதோ நெளிந்தது. சட்டென்று கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பினாள்.

"என் வீட்டுக்காரர். உடம்பு சரியில்ல. தெஃபே ஆஸ்பத்திரிக்குப் போறோம். யாரும் தொறக்கக் கூடாது."

யாரும் கேட்கவே இல்லை.

ஆற்றுப் படகு முழுக்க, பயணிகள் படுக்கக் கட்டிய தூளிகள்தான். எனக்கு மேலே ஒருத்தி தொங்கினாள், கீழே ஒருத்தன் தொங்கினான். பக்கத்துத் தூளியில் அனானியாஸ் அண்ணன். படகு வளைவில் திரும்பும்போதெல்லாம் அவர் முழங்கால் என் விலாவை விசாரித்துவிட்டுப் போகும். விடிகாலையில் ஒரு சின்னத் துறையில் ஏறிய ஐராசில்டாவுக்குக் கழிப்பறை ஓரம்தான் கிடைத்தது. அவளுடைய புருஷனை இரண்டு பேர் கழியில் தொங்கவிட்டுத் தூக்கி வந்து கட்டிவிட்டுப் போனார்கள்.

நாங்கள் சான்டா ருஃபினா ஊர்க்காரர்கள். வேட்டைக்குக் கிளம்பியவர்கள். எங்கள் கவுன்சிலர் ஜெனிவால்டோ ஜெயித்த அன்று தோளில் தூக்கி ஊர்வலம் போனோம். மறுநாள், பழுது பார்க்கிறேன் என்று ஊர் ஜெனரேட்டரை எடுத்துப் போனார். ஜெனரேட்டரும் வரவில்லை, அவரும் வரவில்லை. மேலாற்றில் ஒளிந்திருப்பதாகக் கேள்விப்பட்டு ஆளுக்கொரு துடுப்போடு போனோம். படுக்கையில் சூடு இருந்தது, ஆள் இல்லை. எங்கே ஓடினாலும் தெஃபே துறையைத் தாண்டித்தானே ஆகவேண்டும்? அங்கே போய் உட்கார்ந்துகொள்வது என்று முடிவு.

முடிச்சுப் போட்ட கொஞ்ச நேரத்தில் ஐராசில்டா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, இடுப்புப் பையிலிருந்து கல்லுப்பை அள்ளித் தூளிக்குள் தூவினாள்.

அனானியாஸ் என் காதருகே வந்தார். "சுல்மிரா, எந்த ஊர்ல புருஷனுக்கு உப்புப் போடுறாங்க?"

"கெட்டுப்போகாம இருக்கணும்னு ஆசைப்பட்டிருப்பா அண்ணே."

தூளி இருமியது. கரகரவென்று, ஈரமான இருமல். கூடவே மீன் வாடை.

எங்களுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஏரிக்கரையில் பிறந்தவர்களிடமா இந்த வேலை? உள்ளே இருப்பது புருஷன் இல்லை, பிரரூக்கு என்கிற மீன். அது ஆளை விட நீளமாக வளரும். நீருக்கு மேலே வந்து காற்றை இழுக்கும்போது கிழவனைப் போல் இருமும். பிடிக்கத் தடை, அதனாலேயே ருசி அதிகம்.

"அக்கா," என்றார் அனானியாஸ், "உன் புருஷன் வயித்துப் பக்கம் கொழுப்பா இருப்பாரா?"

"நோயாளியக் கேலி பண்ணாதீங்க."

"சும்மா சொல்லு."

"கொழுப்புக்கென்ன கொறச்சல்? உக்காந்தே தின்ன ஆளு."

"எங்களுக்கும் ஒரு துண்டு கெடைக்குமா?"

அவள் எங்களை ஒருமுறை அளந்து பார்த்தாள். "யாரும் தொறக்காமப் பாத்துக்குங்க. தெஃபேல முழுசாவே காட்டுறேன்."

அதற்குப் பிறகு அந்தத் தூளிக்குக் காவல் நாங்கள். ஒரு குழந்தையைக்கூட அருகில் விடவில்லை.

மதியம் மீன் சோதனைப் படகு எங்களை நிறுத்தியது. தெற்கே ஏதோ நகரத்திலிருந்து மாற்றலாகி வந்த இளம் அதிகாரி ஒருவன் நீண்ட இரும்புக் கம்பியோடு ஏறினான். மரவள்ளி மாவு மூட்டைகளைக் குத்திப் பார்த்தபடியே தூளியிடம் வந்து சேர்ந்தான். ஐராசில்டாவின் முகத்தில் ரத்தம் இல்லை.

அனானியாஸ் தொப்பென்று மண்டியிட்டு, சாகப்போகிறவனுக்குச் சொல்லும் ஜெபத்தை ஆரம்பித்தார். நான் குறுக்கே போய் நின்றேன்.

"தொடாதீங்க சார். தட்டம்மை."

"மீன் நாத்தம் வருதே?"

"இந்தப் படகுல மூணு வேளையும் மீன்தான் சார் போடுறாங்க. எம்மேலயும் அதான் அடிக்கும், மோந்து பாருங்க."

தூளி மறுபடி இருமியது. அதிகாரி கம்பியைத் தாழ்த்தினான். "நெஞ்சு முழுக்கச் சளி. பாவம், சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

அவன் தலை மறைந்ததும் வயிறு வலிக்கச் சிரித்தோம். மீனுக்கும் மனிதனுக்கும் வித்தியாசம் தெரியாதவனுக்கெல்லாம் அரசாங்கம் சம்பளம் கொடுக்கிறதே!

தெஃபே துறையில் படகு நின்றதும் எங்கள் ஊர்க்கூட்டமே கத்தியும் தட்டுமாக வரிசையில் நின்றது.

"துறையிலயா அறுப்பாங்க?" என்று அதட்டினாள் ஐராசில்டா. "அதோ எங்கண்ணன் விசைப்படகு நிக்குது. அதுல ஏத்துங்க. மறைவாப் போய்ப் பங்கு போட்டுக்கலாம்."

நியாயம்தான். துடுப்புகளை ஒன்றாகக் கட்டிக் காவடியாக்கினோம். செம கனம். அனானியாஸ் முன்னால், நான் பின்னால், சந்தைக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, "நோயாளி, வழி விடுங்க" என்று கத்தியபடி போனோம். பூப்போல இறக்கி வைத்தோம். நாங்கள் ஏறக் காலைத் தூக்குவதற்குள் படகு உறுமிக்கொண்டு ஆற்றுக்குள் பாய்ந்தது.

"ஏய்! எங்க துண்டு?"

ஐராசில்டா தூளிக்குள் கையை விட்டு எதையோ உருவி எங்களை நோக்கி வீசினாள். காய்ந்து நாறிய ஒரு மீன் வால், அனானியாஸின் தட்டில் சரியாக வந்து விழுந்தது.

பிறகு முடிச்சை அவிழ்த்தாள். உடம்பெல்லாம் உப்போடு அவளுடைய புருஷன் எழுந்து உட்கார்ந்தார். ஆசைதீர இருமினார். அப்புறம் வலது கையை உயர்த்தி, விரல்களை விரித்து, எங்கள் ஊர்ச் சுவரொட்டியில் இருப்பது போலவே அசைத்தார்.

ஜெனிவால்டோ. இரண்டாவது முறையும் நாங்கள்தான் தோளில் தூக்கியிருக்கிறோம்.