மூன்று லாரி வீடு

வீட்டுக்கான பணத்தைக் கொடுத்து, கைகுலுக்கி, எல்லாம் முடிந்த பிறகு ஊர்த்தலைவர் பாக் சுடியாத் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"லாரி எத்தனை சொல்லட்டும்?"

"ஒண்ணு போதுங்க. அதுவே அதிகம்" என்றான் வஸ்கிதோ. அவனிடம் இருந்தது ஒரு மெத்தை, ஒரு துணிப்பை, சோறு வைக்கும் மின்பானை ஒன்று.

தலைவர் வீட்டை ஒருமுறை பார்த்தார். அவனை ஒருமுறை பார்த்தார். "ஒண்ணுல எப்படிங்க அடங்கும்? மூணு வேணும். பாத்துக்கலாம், அவசரம் இல்ல."

நகரத்து ஆள் என்றால் கட்டில், பீரோ என்று சாமான் நிறைய இருக்கும் என்ற நினைப்பு போல. வஸ்கிதோ மறுத்துப் பேசவில்லை. பேச்சு அவனுக்கு வரவும் வராது. சிடோவார்ஜோ நகரத்தில் இறாலை உறையவைத்துப் பெட்டியில் அடைக்கும் ஆலையில் பன்னிரண்டு வருஷம் நைட் ஷிப்ட். இயந்திர இரைச்சலில் யாரும் யாருக்கும் எதையும் சொல்ல முடியாது. காதில் அடைப்பானைச் செருகிக்கொண்டு நிற்க வேண்டும், விடியும்வரை.

மனைவிக்குப் பகல் வேலை, வேறு ஆலையில். வாடகை அறையில் ஒரே மெத்தை. அவள் எழுந்து போன சூட்டில் இவன் படுப்பான், இவன் எழுந்து போன சூட்டில் அவள். அவள் அவனை விட்டு ஒரேயடியாகப் போய்விட்டது அவனுக்கு உடனே தெரியவில்லை. மெத்தை சில்லென்று இருக்கிறதே என்று சில நாள் கழித்துத்தான் உறைத்தது. சண்டை இல்லை. சண்டை போடவும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டுமே.

அதற்கப்புறம் ஒரு விடியற்காலை, பணி முடிந்து வெளியே வந்தவன் அறைக்குப் போகாமல் பைக்கை மலைப்பக்கம் திருப்பினான். சாலை முடிகிற இடம்வரை ஓட்டினான். அது செமோரோவாத்து என்ற மலையூர். சரிவெல்லாம் முட்டைக்கோஸும் உருளைக்கிழங்கும். அதற்கு மேலே சவுக்கு மரங்கள், அதற்கும் மேலே மூடுபனி. காபிக் கடையில் யாரோ, லெகிமான் தன் மரவீட்டை விற்கிறார், மகளோடு இருக்க லுமாஜாங் போகிறார் என்றார்கள். சேர்த்து வைத்திருந்தது முழுவதும் அதற்குச் சரியாக இருந்தது. அறையைக் காலி செய்துவிட்டு, லாரிக்குக் காத்திராமல் மெத்தையைப் பைக்கில் கட்டிக்கொண்டு வந்தான். திரும்பிப் போக இடம் என்று ஒன்று அதோடு தீர்ந்தது. அவனுக்கு வேண்டியது ஒன்றுதான்: சத்தமில்லாத ஓர் இடத்தில், எல்லோரையும் போல, ராத்திரியில் தூங்க வேண்டும்.

சத்தம் இல்லைதான். தூக்கமும் இல்லை. ஊர் சீக்கிரமே அடங்கிவிடும். வஸ்கிதோ விளக்கைப் போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருப்பான். குளிர் பலகை இடுக்கு வழியாக உள்ளே வரும். நாலு தேக்குத் தூணையும் எண்ணெய் ஏறிக் கறுத்த உத்திரத்தையும் பார்த்துக்கொண்டே இருப்பான். என் வீடு என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பான். விடிந்து, குளிருக்குச் சாரத்தைப் போர்வை போலக் கழுத்தில் முடிந்துகொண்டு ஆட்கள் தோட்டத்துக்குப் போகும் நேரத்தில்தான் கண் சொருகும். அடைப்பானைக் காதில் செருகிக்கொண்டு உள்ளறையில் விழுவான்.

எதிர்ப்படுகிறவர்கள் சிரித்தபடி கேட்பார்கள், "இன்னும் இங்கதான் இருக்கீங்களா?" அவனும் சிரிப்பான். மலையூர்க் கிண்டல் என்று எடுத்துக்கொண்டான்.

ஒன்று மட்டும் உறுத்தியது. அந்த ஊரில் மனிதர்கள் வாழ்வது அடுப்படியில். குளிருக்கு அடுப்பைச் சுற்றி உட்கார்ந்துதான் சாப்பாடு, வம்பு, பஞ்சாயத்து எல்லாம். முன்னறை என்பது தடுப்பூசி நர்ஸுக்கும், வரி கேட்டு வருகிறவனுக்கும், வியாபாரிக்கும். வஸ்கிதோவை எல்லோரும் முன்னறையில்தான் உட்கார வைத்தார்கள். பக்கத்து வீட்டு சுமியாத்தி, கணவனை இழந்தவள், காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அடுப்படியிலிருந்து சிரிப்புச் சத்தம் வரும். அவன் சோபாவில் உட்கார்ந்து, சுவரில் மாட்டிய யாருடைய கல்யாணப் படத்தையோ பார்த்தபடி காபியைக் குடித்துவிட்டு வருவான்.

அதனால்தான் தலைவர் வந்து சொன்னபோது அவனுக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

"ஞாயித்துக்கிழமை நாள் நல்லா இருக்கு. காலையில ஊரே உங்க வீட்டுக்கு வந்துரும். சோத்தைப் பொம்பளைங்க பாத்துக்குவாங்க. நீங்க காபித்தூள், சர்க்கரை, சிகரெட்டு மட்டும் வாங்கி வெச்சிருங்க."

"எல்லாருமா?"

"பின்ன? பத்துப் பேரு வந்தா இந்த வேலை ஆகுமா?"

புதுமனை புகுவதற்கு ஊரே வருகிறது. கீழே சந்தைக்குப் போய்க் கிராம்பு சிகரெட்டைப் பெட்டி பெட்டியாக வாங்கினான், கூடவே பாயும் டம்ளர்களும். கூடத்தைக் கழுவினான், பாய் விரித்தான், கண்ணாடி டம்ளர்களைத் துடைத்து அடுக்கினான். சனிக்கிழமை ராத்திரி எப்படியாவது தூங்கிவிட வேண்டும் என்று படுத்தான். முடியவில்லை. கிழக்கு வெளுக்கும்போது, அவர்கள் வருவதற்குள் கொஞ்சம் கண்ணை மூடலாம் என்று பழக்கத்தில் அடைப்பானைச் செருகினான்.

எழுந்தபோது வெயில் கதவிடுக்கில் மட்டும் இல்லை. சுவரின் எல்லா இடுக்கிலும் வெளிச்சமாக இருந்தது. பதறிப்போய் அறைக்கதவைத் திறந்தான்.

வெளியே கூடம் இல்லை.

நாலு தூண் நின்றது. உத்திரம் நின்றது. அதற்கு மேல் வானம். பலகைச் சுவர்கள் முற்றத்தில் அடுக்கிக் கிடந்தன. கைமரங்களின் மேல் ஆட்கள் குந்தியிருந்தார்கள். ஓடுகள் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு, கூரையிலிருந்து சாலைவரை, சத்தமே இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தன. அவன் விரித்த பாயைச் சுருட்டி ஓரமாக வைத்திருந்தார்கள்.

வஸ்கிதோ காதிலிருந்து அடைப்பானை உருவினான்.

"எழுந்துட்டாருப்பா!" என்று மேலேயிருந்து கத்தினார் தச்சர் கெமிஸ். "இனிமே சத்தம் போட்டு வேலை பாக்கலாம். அடேய், அந்த ஆப்பை ஓங்கி அடி! காலையிலேர்ந்து ஆப்புக்கு முத்தம் கொடுக்கிற மாதிரி தட்டிக்கிட்டிருக்கோம்."

கூரையெங்கும் சிரிப்பு. கொட்டாப்புளிகள் ஆப்புகளின் மேல் ஓங்கி இறங்கின.

"என்ன பண்றீங்க?" என்றான் வஸ்கிதோ. குரல் யாருக்கும் கேட்கவில்லை. மறுபடியும் கத்தினான். "என் வீட்டை என்ன பண்றீங்க?"

தலைவர் தலையில் தூசியோடு வந்தார். "உங்க அறையைக் கடைசியா வெச்சுக்கலாம்னு சொல்லிட்டேன். பாவம், ராத்திரியெல்லாம் மரத்துக்குக் காவல் இருக்கிற மனுஷன், தூங்கட்டும்னு."

"காவலா? நான் குடியிருக்கேங்க!"

"அதான், லாரி வர்றவரைக்கும்."

"லாரி எதுக்கு? நான் எங்கயும் போகல. இங்கயே இருக்கத்தான் வாங்கினேன்."

கூரையில் சத்தம் நின்றது. கையில் ஓட்டோடு வரிசை அப்படியே நின்றது, கீழே வைப்பதா மேலே கொடுப்பதா என்று தெரியாமல்.

"தம்பி" என்றார் தலைவர் மெதுவாக. "எங்க ஊர்ல மண்ணை வெளியாளுக்குக் கொடுக்கிறதில்ல. எங்க தாத்தன் காலத்துலயும் கொடுத்ததில்ல. மரவீடுன்னா மரம். பிரிச்சு எடுத்துக்கிட்டுப் போவாங்க. இதை யாராச்சும் சொல்லிக்கிட்டா இருப்பாங்க?"

அவர் தொலைபேசியில் லெகிமானைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"ஏன், மரத்தைச் செல்லு கில்லு அரிச்சிருக்கா?" என்றார் லெகிமான் எடுத்த எடுப்பில்.

"மரம் நல்லாத்தான் இருக்கு. அவரு மண்ணையும் சேர்த்து வாங்கினதா நினைச்சுட்டாரு."

லெகிமான் பதறினார். "என் பிள்ளைங்களோட நஞ்சுக்கொடி அந்த வாசல்ல புதைஞ்சிருக்கு. அதைப் போய் விப்பேனா? நான் அவரை மரம் வாங்க வந்த சிடோவார்ஜோ வியாபாரின்னுல்ல நினைச்சேன். அந்த இடத்துல என் தம்பி மகன் செங்கல் வீடு கட்டப்போறான். கடைக்கால் தோண்ட வர்ற வியாழன் நாள் குறிச்சாச்சே."

தம்பி மகன் அங்கேயேதான் நின்றான், வரிசையில், கையில் மூன்று ஓடுகளோடு. வஸ்கிதோவை நேராகப் பார்க்க முடியாமல் ஓட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கத்தலாம். பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். லெகிமான் நல்ல மனிதர், தரக்கூடும். வஸ்கிதோ யோசித்தது அதையெல்லாம் அல்ல. இத்தனை நாள் 'இன்னும் இங்கதான் இருக்கீங்களா' என்று கேட்டார்களே, அது கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டிருக்கிறார்கள். அவன் சிரித்திருக்கிறான்.

பின்னால் மலைமுகட்டில் மேகம் திரண்டுகொண்டிருந்தது. பாதிக் கூரை கீழே. தோட்ட வேலையை விட்டுவிட்டு ஊரே வந்து நிற்கிறது. அவன் சொல்லாமல் யாரும் அசையப்போவதில்லை.

"காபி போட்டாச்சா?" என்று கேட்டான். "சிகரெட்டு அந்தப் பெட்டியில இருக்கு."

பிறகு வரிசையில் தம்பி மகனுக்கும் அடுத்தவனுக்கும் நடுவில் போய் நின்று கையை நீட்டினான். தம்பி மகன் ஒரு கணம் தயங்கிவிட்டு முதல் ஓட்டைக் கொடுத்தான்.

ஓடு முடிந்ததும் கைமரம். கைமரம் முடிந்ததும் உத்திரம். ஆணியே இல்லாத வீடு அது. ஆப்பைத் தட்டினால் மூட்டு கழன்றது. கெமிஸ் ஒவ்வொரு துண்டிலும் கரியால் குறி போட்டார். பகல் வெளிச்சத்தில் மனிதர்களோடு நின்று வேலை பார்த்து எவ்வளவு காலமாயிற்று என்று வஸ்கிதோவுக்கே தெரியவில்லை. முதுகு வெயிலில் எரிந்தது. யாரோ ஒருவர் தன் சாரத்தை எடுத்து அவன் தோளில் போட்டார்.

சாப்பாட்டு நேரத்தில் சுமியாத்தி பின்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். அந்த வீட்டின் அடுப்படி தனிக்கொட்டகை. மண் அடுப்பு மண்ணோடு சேர்ந்தது. அதை யாரும் பிரிப்பதில்லை, எடுத்துப் போவதுமில்லை.

"அங்க என்ன நிக்கிறீங்க? உள்ள வாங்க" என்றாள் அவனிடம்.

அவன் போய் அடுப்பருகே மணைப்பலகையில் உட்கார்ந்தான். சோளச்சோறு, மணத்தக்காளிக் கீரை, கருவாடு, மிளகாய்த் துவையல். முழங்காலில் சூடு ஏறியது. சுற்றிலும் ஆட்கள் நெருக்கி உட்கார்ந்தார்கள். கெமிஸ்தான் பேச்சை ஆரம்பித்தார்.

"வெளியாளுக்கு மண்ணு கிடையாது, சரி. ஊர்ப் பொண்ணைக் கட்டிக்கிட்டா அவன் வெளியாளா? ஏன் சுமி, உனக்கும் வீடு காலியாத்தான கிடக்கு?"

"ஆமா, இந்த ஆளு விடிய விடிய விளக்கைப் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பாரு. கரண்டு பில்லை நீ கட்டுறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். வஸ்கிதோவும் சிரித்தான். வாயில் சோறு இருந்ததால் புரையேறியது. யாரோ முதுகில் தட்டினார்கள்.

"கேட்டிருக்கலாம்ல" என்றாள் சுமியாத்தி, சிரிப்பு அடங்கியதும், அவனைப் பார்க்காமல் அடுப்பைக் கிளறியபடி. "குடியிருக்க வந்தேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, முன்னறையில உக்கார வெச்சிருப்பேனா?"

"நீங்க யாரும் கேக்கலியே."

"வியாபாரிகிட்ட என்னத்தைக் கேக்கிறது?"

அவள் அவன் தட்டில் இன்னொரு கரண்டிச் சோறு வைத்தாள்.

"கீழ மலையடிவாரத்துல ஹோட்டல்காரன் ஒருத்தன் இருக்கான்" என்றார் கெமிஸ். "இந்தத் தேக்குக்கு நீங்க கொடுத்ததுக்கு மேலயே தருவான். நாங்கல்லாம் உங்களைப் பெரிய கில்லாடின்னு பேசிக்கிட்டோம்."

பொழுது சாய்வதற்குள் வீடு முற்றத்தில் குவியலாகிவிட்டது. தார்ப்பாய் போட்டுக் கட்டினார்கள். ஒவ்வொருவராக வந்து கைகொடுத்துவிட்டுப் போனார்கள். தலைவர் கடைசியாகப் போனார். "உங்க மேல யாருக்கும் கோபம் இல்ல தம்பி" என்றார். அவன் தலையாட்டினான். கோபம் இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டாவது அங்கே நின்றிருக்கலாம்.

எல்லா வீட்டு அடுப்படியிலும் புகை எழும்பியது. வஸ்கிதோ கொட்டகைக்குள் மெத்தையை இழுத்துப் போட்டு, அணையாத கங்குக்குப் பக்கத்தில் கால் நீட்டினான். வெளிச்சம் இன்னும் முழுதாகப் போகவில்லை. அடைப்பானை எங்கே வைத்தோம் என்று தேட நினைத்தான்.

ஹாரன் சத்தத்தில்தான் விழித்தான். வெளியே நல்ல வெயில். ஒரு ராத்திரி முழுவதும் தூங்கியிருக்கிறான் என்பது எழுந்து உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது. அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. கொட்டகையில் யாரும் இல்லை. கங்கு சாம்பலாகியிருந்தது.

சாலையில் மூன்று லாரி நின்றது. தலைவர் கணக்கு தப்பவில்லை. தூண்களையும் உத்திரத்தையும் முதல் லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வீடு இருந்த இடம் வெறும் மண்ணாக, ஈரமாக, இவ்வளவுதானா என்கிற அளவுக்குச் சின்னதாக இருந்தது. தம்பி மகன் அங்கே நூல் பிடித்து அளந்துகொண்டிருந்தான்.

முதல் லாரிக்காரன் பீடா மென்றபடி வந்தான். "சொந்தக்காரர் நீங்கதானே? எங்கண்ணே இறக்கணும்?"

தலைவர் திரும்பிப் பார்த்தார். மரத்தைத் தூக்கிக்கொண்டிருந்த கெமிஸும் பார்த்தார்.

ஹோட்டல்காரனின் பேரை வஸ்கிதோ கேட்டு வைத்திருக்கவில்லை. சிடோவார்ஜோவில் அவனுக்கு அறை இல்லை. தோளில் இன்னும் யாருடைய சாரமோ கிடந்தது. அதைக் கழற்றி, மடித்து, அடுப்படி வாசலில் வைத்தான்.

"ஏத்துங்க" என்றான். "போகப் போகச் சொல்றேன்."