உதறக்கூடாது

சுடுகிறது, மெழுகு விரலிடுக்கில் இறங்கிச் சுடுகிறது, உதறக்கூடாது, உதறினால் வரிசை கலைந்துவிடும் என்று நர்சிங் பள்ளியில் முதன்முதலில் விளக்கேற்றிய அன்றே சொல்லிவிட்டார்கள், அப்பா கடைசி பெஞ்சில் அழுதுகொண்டிருந்தார், பெருமையிலா, இந்த வேலைக்குப் போகிறவளை எவன் கட்டுவான் என்ற கவலையிலா, நான் கேட்டதே இல்லை, இன்றும் அதே மெழுகு, செவிலியர் தினம், ஆஸ்பத்திரி ஹாலில் வரிசையாக நிற்கிறோம், எதிரே சால்வை போர்த்திக்கொண்டு சிறப்பு விருந்தினராக உட்கார்ந்திருக்கிறான் சங்கரநயினார், போன வாரம் என்னைக் கன்னத்தில் அறைந்தவன்.

அவன் அப்பாவுக்குக் குடல் ஆபரேஷன், வாய்வழியே எதுவும் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன், நான் பக்கத்துக் கட்டிலுக்குத் திரும்பிய நேரம் பார்த்து பிளாஸ்கைத் திறந்து காப்பி ஊற்றிவிட்டான், பெரியவருக்குப் புரையேறி முகம் நீலமாகிறது, அன்றிலிருந்து வரும் கனவில் அது என் அப்பாவின் முகம், ஒருக்களித்துப் போட்டுக் குழாய் விட்டு உறிஞ்சுகிறேன், காப்பி வருகிறது, பிறகு மூச்சு வருகிறது, அறிவிருக்கா சார் உங்களுக்கு என்று கத்திவிட்டேன், ஏட்டி, பீச்சட்டி அள்ளுதவளுக்கு இவ்வளவு வாயா என்று அறைந்தான், ஆமாம், அள்ளுகிறேன், அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை, அந்த மூச்சைத் திரும்பக் கொண்டுவந்ததும் இதே கைதான், உயிர் பிழைத்ததற்கு நன்றியாக அல்வாப் பெட்டி மட்டும் டாக்டருக்குப் போனது.

சங்கரநயினார் புதுக் கட்டடத்துக்கு லிஃப்ட் போட்டுத் தர்றாரும்மா, அவரைக் கத்துனதுக்கு மேடையில ஒரு சாரி சொல்லிடுங்க, சிஸ்டர்னாலே பொறுமைதானே என்று காலையில் சூப்பரின்டெண்ட் சொன்னபோது அடிவயிற்றிலிருந்து ஆத்திரம் வந்தது, இப்பவும் வருகிறது, பக்கத்தில் மேட்ரன் எஸ்தரக்கா, வேலை போயிரும்ட்டி, சொல்லித் தொலைச்சிரு என்று முணுமுணுக்கிறாள், அந்த சிஸ்டர் வாங்க என்று மைக்கில் கூப்பிடுகிறார் சூப்பரின்டெண்ட், இத்தனை வருஷத்தில் என் பெயர்கூட அவருக்குத் தெரியாது, மெழுகுவர்த்தியோடு நடக்கிறேன், அவன் முன்னால் நிற்கிறேன், கையை நீட்டுங்க சார் என்கிறேன், நீட்டுகிறான், அறைந்த அதே கை, அதில் மெழுகுவர்த்தியைக் கொடுக்கிறேன், மன்னிப்பு நீங்கதான் கேக்கணும், நான் கேக்க மாட்டேன், இதைக் கொஞ்சம் பிடிச்சிக்கிட்டு இருங்க, உங்க அப்பாவுக்கு இன்னைக்குத்தான் முதல் கஞ்சி, நான் போய்க் குடுக்கணும் என்கிறேன், வேலை போனாலும் அதைக் கொடுத்துவிட்டுத்தான் போவேன், திரும்பி நடக்கிறேன், யாரும் தடுக்கவில்லை, வாசலைத் தாண்டும்போது பின்னால் ஒரு சத்தம், மெழுகு அவன் விரலில் இறங்கியிருக்க வேண்டும், உதறிவிட்டான்.