சுண்டு வாங்கிய பத்துக்குப் பத்து

1

இது நன்றிக் கடிதமாகத்தான் தொடங்கியது. பள்ளியில் சேரும் முன் குழந்தைகளை மதிப்பிடும் ஓர் அம்மையாருக்கு எழுத உட்கார்ந்தேன். 'மிக்க நன்றி' என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது. எதற்கு நன்றி என்று சொல்லப் போனால், நாங்கள் செய்த தில்லுமுல்லையும் சொல்லியாக வேண்டும். கதை என்றால் பழியைப் பாத்திரங்களின் தலையில் கட்டிவிடலாம் அல்லவா? அதனால் கதை.

2

முதல் தொடக்கம்: "மேகங்கள் சூழ்ந்த அந்தக் காலையில்..." (வேண்டாம். வானிலை இங்கே ஒன்றும் செய்யவில்லை.)

இரண்டாவது: "ஆட்டிசம் உள்ள ஐந்து வயதுக் குழந்தை பள்ளிக்குத் தயாரா என்பதை அறியும் வழிமுறைகளுள்..." (எனக்கே கொட்டாவி வருகிறது.)

மூன்றாவது: சுண்டுவின் அம்மா அன்று ஜோடி மாறிய செருப்போடு மதிப்பீட்டுக்குக் கிளம்பினாள். அவ்வளவு பதற்றம். ஆட்டிசம் உள்ள தன் மகள் இதில் தேறாவிட்டால் பள்ளி கதவைச் சாத்திவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதனால், ஏற்கெனவே போய்வந்த இன்னொரு குழந்தையின் அம்மாவிடம் கெஞ்சிப் பத்துக் கேள்விகளையும் வாங்கினாள். படங்கள் வரைந்தாள். ஒரு மாதம் சுண்டுவுக்கு அதே வேலை.

இந்தத் தொடக்கம் இருக்கட்டும்.

3

அறையில் தாழ்வான மேசை, குட்டி நாற்காலிகள், மூலையில் கைகழுவும் தொட்டி. அம்மையார் பத்துப் படங்களைப் பரப்பினார்.

"சுண்டு, மழை வந்தா..."

கேள்வி முடிவதற்குள் சுண்டு குடையைத் தொட்டாள். அடுத்ததற்குச் சீப்பு. பத்துக்குப் பத்து. அம்மாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

அம்மையார் படங்களைக் கலைத்துப் போட்டார். ஏழாவது கேள்வியை முதலில் கேட்டார்.

"பல்லு தேய்க்க எது வேணும்?"

சுண்டு குடையைத் தொட்டாள்.

"எதுல தண்ணி குடிப்ப?"

சீப்பு.

பாவம், குழந்தை வரிசையைத்தான் கற்றிருந்தது. கேள்வியை யார் கற்றுக்கொடுத்தார்கள்?

"வீட்டுல பழக்குனீங்களா?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "அக்காதான் படம் வரைஞ்சு குடுத்தா."

(அடிக்குறிப்பு: அந்த அக்கா நான்தான். வரைந்ததும் நான், கெஞ்சியதும் நான். இரண்டாம் பகுதியில் எல்லாவற்றையும் சுண்டுவின் அம்மாவான என் தங்கை மேல் போட்டதற்கு மன்னியுங்கள். என் குடை காளான் மாதிரி இருந்ததையும் சேர்த்தே மன்னியுங்கள்.)

4

"அவர் மேசையை ஓங்கித் தட்டி..." (பொய். கோபப்பட்டிருந்தால் எழுத எனக்குச் சுலபம். அவர் கோபப்படவே இல்லை.)

தாளில் போட்டிருந்த பத்துச் 'சரி' குறிகளையும் ஒரே கோடாக அடித்தார். தங்கை அழுதுவிட்டாள்.

"அழாதீங்கம்மா. நான் பத்துக்குப் பத்துன்னு எழுதிட்டா, இவ கூடவே இருக்க துணை ஆசிரியர் தேவையில்லன்னு ஸ்கூல்ல சொல்லிடுவாங்க. முப்பது பிள்ளைங்க நடுவுல இவ தனியா என்ன பண்ணுவா?"

எங்கள் புத்தி அதுவரை போகவில்லை. ஒரு மாதம் மெனக்கெட்டு, அவளுக்குக் கிடைக்க வேண்டிய துணையையே கெடுக்கப் பார்த்திருக்கிறோம்.

அம்மையார் இறுக்க மூடிய ஒரு டப்பாவைச் சுண்டுவிடம் கொடுத்தார். உள்ளே பிஸ்கட் இருப்பது வெளியே தெரிந்தது. "நீங்க உதவாதீங்க," என்று தங்கையிடம் சொன்னார்.

சுண்டு திருகினாள். கடித்தாள். தரையில் தட்டினாள். தங்கைக்குக் கை பரபரத்தது. உட்கார்ந்த இடத்திலேயே முந்தானையைக் கசக்கிக்கொண்டிருந்தாள். கடைசியில் சுண்டு எழுந்தாள். அம்மாவிடம் வரவில்லை. மேசையைச் சுற்றிப் போய் டப்பாவை அம்மையாரின் மடியில் வைத்தாள். அவர் கையை எடுத்து மூடியின் மேல் வைத்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

(பார்த்தாள் என்று எழுதலாமா? நான் அங்கே இல்லை. தங்கை சத்தியம் செய்கிறாள். அம்மையார் எழுதிய அறிக்கையில் 'ஒரு கணம்' என்று இருக்கிறது. ஒரு கணம் எனக்குத் தாராளம்.)

"நான் பாக்க வந்தது இதத்தாம்மா," என்றார் அவர், மூடியைத் திறந்தபடி. "முடியலன்னா ஒருத்தர்கிட்ட வந்து கேக்கணும். நீங்க பக்கத்துல இருக்கும்போதே எங்கிட்ட வந்துட்டா, பாத்தீங்களா?"

பிறகு அன்றைய முதல் உண்மையான மதிப்பெண்ணைப் போட்டார்.

அம்மையாரே, நீங்கள் அடித்த பத்துக்கும் நன்றி, போட்ட ஒரு மதிப்பெண்ணுக்கும் நன்றி. எங்களைத் திட்டாமல் விட்டதற்குத் தனியாக ஒரு நன்றி.

5

முடிவு அ: பள்ளி சுண்டுவைச் சேர்த்துக்கொள்கிறது, துணை ஆசிரியரோடு.

முடிவு ஆ: "அடுத்த வருஷம் பாக்கலாம்."

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். முதலாவதை எழுதும்போது அழுதேன், இரண்டாவதை எழுதும்போது கை ஓடவில்லை. நடந்தது இவ்வளவுதான்: 'சேர்க்கலாம், துணை ஆசிரியர் கட்டாயம் வேண்டும்' என்று அம்மையார் எழுதிய அறிக்கை பள்ளிக்குப் போயிருக்கிறது. இன்னும் பதில் வரவில்லை.

அந்த அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் தலைமையாசிரியர் கையெழுத்துப் போட ஓர் இடம் இருக்கிறது. என்னென்னவோ புனைந்துவிட்டேன், அங்கே மட்டும் என் பேனா செல்லாது. இதைப் படிக்கும் நீங்கள் ஒருவேளை ஏதாவது ஒரு பள்ளியில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம். அப்படியென்றால் மேசையில் இருக்கும் கோப்புகளை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். ஒரு குழந்தை காத்திருக்கிறாள்.