செயின் அண்ணனும் பெல்ட் வண்டியும்

என் வீட்டுக்காரர் மெக்கானிக். தெருவில் அவருக்குச் செயின் அண்ணன் என்று பெயர். கழுத்தில் பொட்டுத் தங்கம் கிடையாது. மோட்டார் சைக்கிள் செயினைத்தான் சொல்கிறார்கள். எவர் வண்டி எங்கள் வாசலைத் தாண்டினாலும், உள்ளே உட்கார்ந்தபடியே "லூஸா ஓடுது" என்றோ "எண்ணெய் கேக்குது" என்றோ தீர்ப்புச் சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வண்டிச் செயினுக்கு எண்ணெய் போட்ட பிறகுதான் அவருக்குக் காபி இறங்கும். நல்ல மனிதர். தனக்குத் தெரியாத ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று மட்டும் அவரிடம் யாரும் சொல்லிவிடக் கூடாது.

அவருடைய தங்கை, என் நாத்தனார், போன வருடம் வாங்கி வந்த வண்டியில் செயினே இல்லை. யாரோ ஓட்டி விற்ற கனமான வண்டி. எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்குச் செயின் போக வேண்டிய இடத்தில் பல் வைத்த கறுப்புப் பெல்ட் ஒன்று ஓடியது. இவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"மாவு மில்லுல இருக்கிறதைக் கழட்டி வண்டியில மாட்டியிருக்கான் பாரு."

"சத்தமே வராதுண்ணா. எண்ணெயும் போட வேண்டாம்."

"எண்ணெய் வேண்டாத வண்டியும் சாப்பாடு வேண்டாத மனுஷனும் ஒண்ணுதான் தவளை. ரெண்டையும் நம்பக் கூடாது."

தவளை என்பது அவளுக்கு இவர் வைத்த பெயர். அவளுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தது இவர்தான். அப்போதெல்லாம் அவள் கியரை மிதித்துவிட்டுக் கிளட்சைப் பட்டென்று விட்டுவிடுவாள். வண்டி ஒரு குதி குதித்து நின்றுபோகும். எத்தனையோ வருடங்களாகிவிட்டன. அந்தப் பழக்கத்தை அவள் விட்டுவிட்டாள், பெயர்தான் அவளை விடவில்லை. இப்போது அவள் கிளட்ச் விடுவதைப் பார்க்க வேண்டும். தூங்குகிற குழந்தையைத் தோளிலிருந்து தொட்டிலில் கிடத்துவது போல இருக்கும்.

அவளுக்கு நாள் முழுக்கப் போன் எடுத்துப் பதில் சொல்கிற வேலை. முகம் தெரியாதவர்களிடம் திட்டு வாங்கித் திட்டு வாங்கிக் காதோடு மனசும் புண்ணாகிப்போனது. வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்றில் பெண்களுக்குப் பயிற்சி தர ஆள் தேவை என்று தெரிந்ததும் ஓடிப்போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். திங்கட்கிழமை சொந்த வண்டியில் ஓட்டிக் காட்ட வேண்டும். "இது கிடைச்சா போதும் அண்ணி, வேற எதுவும் வேண்டாம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அவள் எதையும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

அவள் குடியிருப்பின் வாசலில் குழாய் போடத் தோண்டியிருந்ததால் வண்டியைச் சனிக்கிழமை எங்கள் வீட்டில் விட்டாள். போகும்போது என்னைத் தனியாக அழைத்தாள்.

"அண்ணி, அண்ணனுக்குக் கை நமநமங்கும். பெல்ட் பக்கம் விட்றாதீங்க. ஒரு சொட்டு எண்ணெய் படக் கூடாது. இறுக்கம் அளந்து வெச்சிருக்கு, அதையும் தொடக் கூடாது."

"நான் இருக்கேன்ல, நீ போ" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் துணி உலர்த்திவிட்டு வருவதற்குள் இவர் ஸ்பேனரோடு வண்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். பெல்ட்டைக் கட்டைவிரலால் அமுக்கி, உதட்டைப் பிதுக்கினார்.

"இவ்வளவு விறைப்பா வெச்சா பேரிங் என்னத்துக்கு ஆகும்? ஒரு விரல் ஆட்டமாவது வேணாமா?"

"அது செயினுக்குங்க. இதைத் தொடவே கூடாதுன்னு சின்னவ சொல்லியிருக்கா."

"பல்லு இருக்கு, பல்சக்கரம் இருக்கு, சுத்துது. செயினுக்கு வேற என்ன இலக்கணம்? நாளைக்கு அவ ஓட்டிக் காட்டும்போது வண்டி மக்கர் பண்ணா மானம் போறது எனக்குத்தான். நீ சக்கரத்தைச் சுத்து."

அச்சின் நட்டைத் தளர்த்திச் சக்கரத்தை முன்னால் தள்ளினார். பெல்ட் தொய்ந்தது. பிறகு எண்ணெய்க் குப்பியை எடுத்துச் சாய்த்தார். நான் சக்கரத்தைச் சுற்றினேன். அவர் பிடிவாதம் பிடித்தால் வாயைக் கொடுத்துப் பயனில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அன்று காலையில் ஒரு சண்டை போட எனக்குச் சோம்பலாக இருந்தது, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். வேடிக்கை பார்க்க நாங்கள் இருவரும் பின்னாலேயே போனோம்.

பள்ளியின் மைதானத்தில், கற்றுக்கொள்ள வந்த பெண்கள் தலைக்கவசமும் கையுமாக வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பள்ளியை நடத்துகிற மேடம் கழுத்தில் விசிலோடு நின்றார். நாத்தனார் எட்டுப் போட்டாள். வேகமாக வந்து கோட்டில் நிறுத்தினாள். மூன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து ஒன்று என்று கியர் இறக்கினாள். வண்டி ஒரு முறைகூடக் குலுங்கவில்லை. மேடம் தலையாட்டினார். மேட்டில் பாதி வழியில் நிறுத்தி மறுபடி எடுப்பதுதான் கடைசி.

அவள் நிறுத்தி, முதல் கியர் போட்டு, கிளட்சை மெல்ல விட்டாள். கடகடகடவென்று ஒரு சத்தம். வண்டி முன்னால் போகாமல் பின்னால் சரிந்தது. அவள் காலை ஊன்றிப் பார்த்தாள், அந்தக் கனத்தைத் தாங்க முடியவில்லை. வண்டியோடு அவளும் பக்கவாட்டில் விழுந்தாள்.

இவர்தான் முதலில் ஓடினார். அவருக்கு முன்னால் அவர் குரல் ஓடியது.

"தவளைப் பழக்கம் இன்னும் போகலையா உனக்கு? கிளட்சைப் பட்டுனு விட்டா எந்த வண்டி தாங்கும்?"

"இல்லண்ணா, மெதுவாத்தான் விட்டேன். பெல்ட்டுதான் என்னவோ..."

"ஆமா, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!"

உட்கார்ந்திருந்த பெண்களில் சிலர் சிரித்துவிட்டார்கள். இவர் நாலு பேர் சிரித்தால் உற்சாகமாகிவிடுகிற ஆள். இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டே பெல்ட்டைப் பார்க்கக் குனிந்தார். பேச்சு பாதியில் நின்றது. நான் பக்கத்தில் போய்விட்டேன், எனக்கும் தெரிந்தது. பெல்ட் தொங்கிக்கொண்டிருந்தது. பல் சில இடங்களில் மழுங்கித் தேய்ந்து போயிருந்தது. சக்கரத்தின் விளிம்பெல்லாம் எண்ணெய் தெறித்து, அதில் மண் அப்பியிருந்தது. தொய்வாகத் தொங்கிய பெல்ட் மேட்டில் இழுக்கும்போது பல்லுக்குப் பல் தாவியிருக்கிறது. அவள் கைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

மேடம் நெருங்கி வந்தார். இவர் கைக்குட்டையை எடுத்து விளிம்பை அவசர அவசரமாகத் துடைத்தார்.

"நான் மெக்கானிக்குதான் மேடம், நான் பார்த்துக்கிறேன்" என்று வண்டியை உடம்பால் மறைத்துக்கொண்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். கைக்குட்டை மடிந்து பைக்குள் போனது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் பார்வையை மேட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

மேடம் கோபப்படவில்லை. "நல்லாத்தான் ஓட்டுறீங்கம்மா. ஆனா அவசரத்துல கை பழைய பழக்கத்துக்குப் போயிடுதுன்னு உங்க அண்ணனே சொல்றார். புதுசா கத்துக்கிறவங்களை எப்படி ஒப்படைக்கிறது? வேற ஆள் பார்த்துக்கிறேன்" என்றார்.

"சாரி மேடம்" என்றாள் அவள். முழங்கையில் சிராய்ப்பு. அதில் ஒட்டியிருந்த மண்ணைக்கூடத் தட்டவில்லை.

வண்டியைச் சின்ன லாரியில் ஏற்றி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அவள் கூடத்தில் உட்கார்ந்து, இடது கையைக் காற்றில் மூடி மூடித் திறந்துகொண்டிருந்தாள்.

"அண்ணி, மெதுவா விட்ட மாதிரிதான் எனக்கு இருந்துச்சு. நமக்கே தெரியாம கை தப்புப் பண்ணுமா?"

"முதல்ல தண்ணி குடி" என்றேன். சொம்பை நீட்டிய என் கையைப் பார்க்க எனக்கே அருவருப்பாக இருந்தது. சமையலறைக்குள் போய் இவர் சட்டையைப் பிடித்தேன்.

"போய்ச் சொல்லுங்க."

"சொன்னா தெருவுல தலை காட்ட முடியுமா? தங்கச்சி வண்டியையே கெடுத்தவன்னு பேராயிடும். வேலைதானே, இன்னொண்ணு கிடைக்காதா?" என்றார், அடுப்பைப் பார்த்தபடி. குரல் கம்மிப்போயிருந்தது. தெருமுனை வரை கேட்கிற குரல் அது.

அதற்குள் அவளே சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணா, மன்னிச்சிடு. அத்தனை பேர் முன்னாடி நீ மெக்கானிக்குனு சொல்லியும் உன் பேரைக் கெடுத்துட்டேன். இனிமே எனக்கு வண்டியே வேணாம். வித்துடு."

இவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து அவள் காலடியில் வைத்தார்.

"தளர்த்துனது நான்தான். எண்ணெய் போட்டதும் நான்தான். உன் கை மேல ஒரு தப்பும் இல்ல."

அவள் கைக்குட்டையைப் பிரித்துப் பார்த்தாள். மோந்து பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை.

"என்னைத் திட்டும்போது உனக்குத் தெரியுமா?"

"திட்டும்போது சத்தியமாத் தெரியாதும்மா. குனிஞ்சு பார்த்தப்பதான் தெரிஞ்சுது."

"குனிஞ்சே, சரி. அப்புறம் நிமிர்ந்தேல்ல?"

அவர் கைக்குட்டையை வாங்கக் கை நீட்டினார். அவள் தரவில்லை.

"நாளைக்கு என்கூட வா" என்றாள். "எவ்வளவு சத்தமா சொன்னியோ, அவ்வளவு சத்தமா சொல்லணும்."

மறுநாள் போனோம். அதே மைதானம், அதே பெண்கள். இவர் மேடத்தின் எதிரே போய் நின்று செருப்பைப் பார்த்துக்கொண்டு ஏதோ முனகினார். "கேக்கலைங்களே" என்றார் மேடம். மறுபடி முனகினார். தங்கை கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு கத்தினார்.

"பெல்ட்டைக் கெடுத்தது நான்தாங்க! செயின்னு நினைச்சுத் தளர்த்தி எண்ணெய் ஊத்திட்டேன்! அவ கிளட்சைச் சரியாத்தான் விட்டா! தெரிஞ்சும் மறைச்சுட்டேன்!"

ஒரு பெண் சிரிக்க வாயெடுத்து, அடக்கிக்கொண்டாள். அவருக்குக் காது மடல் வரை சிவந்துபோயிருந்தது. அப்படி ஒரு நிலையில் அவரை நான் பார்த்ததில்லை. கட்டினவரை அத்தனை பேர் நடுவில் அப்படிப் பார்ப்பது லேசில்லை, ஆனாலும் உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

மேடம் அவரை ஒன்றும் சொல்லவில்லை. பள்ளி வண்டியின் சாவியைத் தங்கையிடம் கொடுத்து மேட்டைக் காட்டினார். அவள் ஏறினாள், பாதியில் நிறுத்தினாள், ஒரு மூச்சு விட்டு எடுத்தாள். வண்டி எப்போது நகர ஆரம்பித்தது என்றே தெரியவில்லை. "அடுத்த வாரம் சேர்ந்துக்குங்க" என்றார் மேடம். இவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவள் வண்டியை நிறுத்தியதும் ஓடிப்போய்த் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"பார்த்தியா? நான்தான் உங்கண்ணன் சட்டையைப் பிடிச்சு, போய்ச் சொல்லுங்கன்னு சொன்னேன். இல்லன்னா வாயைத் திறந்திருப்பாரா?"

அவள் தலைக்கவசத்தைக் கழற்றி வண்டி மேல் வைத்தாள்.

"அண்ணன் எண்ணெய் போட்டப்போ நீங்க எங்க அண்ணி இருந்தீங்க?"

"பக்கத்துலதான்" என்றேன். பிறகு, பொய்யில் பாதியும் பொய்தானே என்று தோன்றியது. "சக்கரத்தைச் சுத்துனேன்."

"அப்ப நேத்து அவர் என்னைத் திட்டுனப்பவும் உங்களுக்குத் தெரியும்."

"பெல்ட்டைப் பார்த்ததும் தெரிஞ்சுது. அத்தனை பேர் இருந்தாங்களேம்மா. அவர் மானம் போயிடுமேன்னுதான்..."

"அப்ப என்னோடது?"

குரலை உயர்த்தாமல்தான் கேட்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பதிலுக்கு அவள் காத்திருக்கவும் இல்லை. மேடம் கூப்பிட்டதும் அந்தப் பெண்கள் வரிசைக்கு முன்னால் போய் நின்று, இடது கையை உயர்த்தி, விரல்களை மெல்ல மெல்லப் பிரித்துக் காட்ட ஆரம்பித்தாள்.

இவர் என் பக்கத்தில் வந்தார். "என்ன கேட்டா?" என்றார்.

"ஒண்ணுமில்ல, வாங்க" என்றேன். அவராவது கத்திச் சொல்லிவிட்டார்.