அந்தப் பக்கம் ஒரு பலகை

1

இந்தக் கதையை நான் உட்கார்ந்து யோசிக்கவில்லை. கடையில் நின்று ஒட்டுக்கேட்டு எடுத்தேன். 2007, ஐப்பசி மழை விட்டிருந்த சமயம். உத்தமபாளையத்தில் கலீல் ரஹ்மான் நடத்தும் ஹார்டுவேர் கடையில் தாழ்ப்பாள் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு பெண், கையெல்லாம் சுவர்த்தூசி, சில்லறையாகச் சிமெண்ட் கேட்டாள்.

"சொவத்துல ஓட்டை விழுந்திருச்சு பாய். அடுத்த வீடு தெரியுது."

"அங்கன ஒரு ஆளைப் பலகையப் பிடிக்கச் சொல்லிட்டு, இங்கிட்டிருந்து கலவைய அடைங்கத்தா. இல்லைன்னா பூராவும் அங்கிட்டுப் போயி விழுந்துரும்."

"ஆளு இருக்கு பாய். பேச்சுதான் இல்ல."

சிமெண்டை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான்; இனி வருவதெல்லாம் என் சரக்கு. இதை எழுத என்னைவிடத் தோதான ஆள் இந்தப் பள்ளத்தாக்கில் கிடையாது என்று அங்கேயே முடிவு செய்துகொண்டு, தாழ்ப்பாள் வாங்காமல் வீட்டுக்கு வந்தேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: சுவர் என்பது மனிதன் தனக்குத் தானே—

(அடித்துவிட்டேன். கொத்துக்கரண்டி பிடித்தவள் கதை இப்படித் தொடங்காது.)

அடுத்து: மேற்கு மலையில் மேகம் இறங்கிக்கொண்டிருந்த வேளையில் கருத்தம்மாள்—

(கடையில் பார்த்த பெண்ணுக்கு நான் வைத்த பெயர். மலையைப் பார்க்க அவளுக்கு ஏது நேரம்? நாளைக் காலையில் வீடு பார்க்க ஆள் வருகிறது.)

மூன்றாவது நின்றுகொண்டது: கருத்தம்மாள் உளியை வைத்து இரண்டு போடு போட்டாள். பூச்சு உதிர வேண்டிய இடத்தில் செங்கல் கழன்று அந்தப் பக்கம் விழுந்தது.

நல்ல வாக்கியம். நானே சொல்லிக்கொள்கிறேன், வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

3

அவள்மேல் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. கொத்தனாரைக் கூப்பிடாமல் இவள் ஏன் உளியைத் தூக்கினாள்? விசாரித்துப் பார்த்ததில் (என் தலைக்குள்தான்) காரணம் சரியாகவே இருந்தது. ஊர்க் கொத்தனார்கள் பாதிப்பேர் மலையேறிக் கேரளப் பக்கம் கட்டப்பனையில் வேலை பார்க்கிறார்கள். மீதிப்பேர் இந்தத் துண்டு வேலைக்கு வர மாட்டார்கள்.

அவள் கணவன் பால்பாண்டி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். பிள்ளைகள் இருவரையும் அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்று. வீட்டை விற்றுவிட்டு வருவதாகச் சொல்லி இவள் மட்டும் இங்கே கிடக்கிறாள். போன தடவை வீடு வாங்க வந்தவர் பூச்சு ஊதிப்போயிருந்த சுவரை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, காபிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். அந்தப் பூச்சைக் கொத்திவிட்டுப் புதிதாகப் பூசத்தான் உளி. நாளை வரும் கம்பத்துக்காரரும் அப்படியே போய்விட்டால் பிள்ளைகளைப் பொங்கலுக்கும் பார்க்க முடியாது. ஈரப் பூச்சைக் காட்டிப் புதுசு என்று சமாளிக்கலாம். ஓட்டையைக் காட்டி என்ன சொல்வது?

அந்தப் பக்கம் இருப்பவள் ராக்கம்மாள். ஓரகத்தி, பால்பாண்டியின் அண்ணன் மனைவி. அண்ணன் இறந்துவிட்டார், மகளைத் தேவாரம் ஊரில் கட்டிக்கொடுத்துவிட்டாள், தனி ஆள். பாகம் பிரித்தபோது அண்ணன் தம்பி இருவருமே மண்ணைக் குழைத்துச் செங்கல் அடுக்கிக் கூடத்தின் நடுவே எழுப்பிய சுவர் இது. இருவரும் கொத்தனார் இல்லை என்பதை அந்தச் சுவரைப் பார்த்தாலே சொல்லிவிடலாம். கூடத்துக்கு ஒரே சன்னல். அது அண்ணன் பக்கம் போனது. "சன்னலையும் நீங்களே வச்சுத் தின்னுங்க" என்றாள் கருத்தம்மாள். அன்றோடு பேச்சு நின்றது. ஒன்பது வருடம்.

முதல் பிரதியில் ராக்கம்மாளைப் பொல்லாதவளாக எழுதியிருந்தேன். அந்த மூன்று பக்கத்தையும் கிழித்தேன். பொல்லாதவளாக இருந்தால் பலகையைப் பிடிக்க மாட்டாள், கதை அங்கேயே படுத்துவிடும். நல்லவளாக இருந்தாலோ உடனே பிடித்துவிடுவாள். எனக்கு இரண்டும் வேண்டாம்.

4

கருத்தம்மாள் கடையிலிருந்து திரும்பியபோது ஓட்டையில் ஒரு முகம் இருந்தது.

"ஏத்தா, சன்னல் கேட்டு இடிச்சுக்கிட்டே வந்துட்டியா?" என்றாள் ராக்கம்மாள்.

கருத்தம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. பயமும் இருந்ததால் அடக்கிக்கொண்டாள்.

"தெரியாம விழுந்திருச்சுக்கா. நாளைக்கு வீடு பாக்க வர்றாக. அங்கன ஒரு பலகைய மட்டும் பிடிச்சீகன்னா, நான் அடைச்சுக்கிருவேன்."*

"யாரு வர்றாக?"

"கம்பத்துக்காரரு. ஏலக்கா குடோன் போடவாம்."

"அப்ப நான் ஏலக்கா மூடைக்குப் பக்கத்துலயா படுக்கணும்?"

"எனக்கு வேற வழி தெரியலக்கா. சின்னவ போன்ல எப்பம்மா வருவன்னு கேட்டு அழுகுறா."

ராக்கம்மாள் முகம் ஓட்டையை விட்டு விலகியது. சன்னல் வெளிச்சம் நேராக வந்து கருத்தம்மாளின் அடுப்பு மேடையில் விழுந்தது. பிறகு குரல் மட்டும் வந்தது.

"நீ தாளிக்கிறது, இருமுறது, புள்ளைகள வையிறது எல்லாம் இங்கன கேக்கும். அதைக் கேட்டுக்கிட்டேதான் நான் இத்தனை வருசம் இருந்தேன். மூடை இருமுமா, சொல்லு."

கருத்தம்மாள் சிமெண்டையும் மணலையும் கொட்டிக் குழைத்தாள். இவ்வளவு நாளும் தான் வைததெல்லாம் அக்காவின் காதில் விழட்டும் என்றுதான் சத்தமாக வைதிருந்தாள். ஓட்டைக்குள் தண்ணீர் தெளித்தாள். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பக்கம் பலகை வந்து மூடியது. வெளிச்சம் போய்விட்டது.

"ம். அடை."

செங்கல் துண்டுகளைப் பொதித்து, கலவையை அப்பி, கரண்டியால் அழுத்தி, ஓட்டையை நிரப்பிவிட்டாள்.

"முடிஞ்சிருச்சுக்கா. இறுகுற வரைக்கும் விட்டுறாதீக."

"கை கடுக்குதுடி."

* கொத்தனாராக இருக்கும் வாசகர் இங்கே சிரிப்பது கேட்கிறது. பலகையே இல்லாமல் ஒரே ஆள் செங்கல் வைத்து அடைக்கலாம்தான். உங்களுக்கு வரும், கருத்தம்மாளுக்கு வராது. கதையை நிறுத்தாமல் மேலே படியுங்கள்.

5

முடிவு எழுதத் தெரியாமல் நான் இங்கே நிற்கவில்லை. மூன்று எழுதி வைத்திருக்கிறேன், மூன்றும் ஓடும்.

அ) ராக்கம்மாள் கையை எடுத்துவிடுகிறாள். பச்சைக் கலவை அவள் காலடியில் சரிகிறது. காலையில் வந்த கம்பத்துக்காரர், ஓட்டை வழியாக இரண்டு பெண்கள் வாய்ச்சண்டை போடுவதைக் கேட்டு—

ஆ) இறுகும்வரை பிடிக்கிறாள். வீடு விலைபோகிறது. கருத்தம்மாள் பஸ் ஏறுமுன் அக்கா வீட்டு வாசலில் வந்து—

இ) கருத்தம்மாளே கலவையை வழித்தெடுத்து, ஓட்டையைத் திறந்தே விட்டு—

(இதுதான் எனக்குப் பிடித்தது. ஆனால் திருப்பூரில் அழும் சின்னவளுக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.)

எதையும் முடிக்கப்போவதில்லை. அலுப்பு என்று நினைக்காதீர்கள். ராக்கம்மாள் விட்டாலும் நியாயம், பிடித்தாலும் நியாயம் என்ற இடத்துக்கு இரண்டு பேரையும் கொண்டுவந்து நிறுத்தியாயிற்று. என் வேலை அதுதான், அதைச் சுத்தமாகச் செய்திருக்கிறேன். இனி ராக்கம்மாள் கொஞ்சம் உட்காரட்டும். பலகையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு உள்ளங்கையையும் விரித்து வையுங்கள். கலவை இன்னும் பச்சைதான், ஈரம் மரத்தைத் தாண்டிக் கைக்கு வரும். சுவருக்கு அந்தப் பக்கம் யார் நிற்பது என்று கருத்தம்மாளுக்குத் தெரியாது. அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, காதைச் சுவரோடு ஒட்டிக் கேட்கிறாள்:

"அக்கா, இருக்கீகளா?"