வெள்ளைக்குள் வெள்ளை

என் தம்பிக்குக் கை சும்மா இருக்காது. என் பிசியோதெரபி கிளினிக்கில் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு நாள் புலம்பிவிட்டேன். உடனே லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்தான்.

"அக்கா, இனிமே நெட்ல தேடினா நீதான் முதல்ல வருவே. எப்படின்னு மட்டும் கேக்காத."

நானும் கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்திருக்கலாம்.

மூட்டு வலி, கழுத்துப் பிடிப்பு என்று ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இன்று காலை, பார்வையில்லாத ஒருவர் தனியாக டாக்சியில் வந்து இறங்கினார். கட்டிலில் படுத்தவர், நான் முழங்காலைத் தொட்டதும் துள்ளி எழுந்தார்.

"யாரும்மா நீங்க? இது எங்க டாக்டரம்மா கை இல்லையே!"

எந்த டாக்டர் என்று கேட்டேன். அவர் சொன்னது பக்கத்துத் தெருவில் கிளினிக் வைத்திருக்கும் என் தோழியை. ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்து என்னோடு படித்தவள்.

"எப்பவும் மருமக கூட்டிட்டு வருவா. இன்னைக்கு போன்கிட்ட அவங்க கிளினிக் பேரைச் சொன்னேன். முதல்ல வந்த விலாசத்துக்கு வந்துட்டேன். இருங்க, அந்தப் பக்கத்தையே படிக்க வெக்கறேன்."

போன் படித்தது. முதலில் என் கிளினிக் பெயர். அப்புறம் அவளுடையது. மறுபடியும் அவளுடையது. நிறுத்தாமல் அதையே ஓதியது.

என் கம்ப்யூட்டரில் அதே பக்கத்தைத் திறந்தேன். "இங்க அந்த இடம் வெறும் வெள்ளையா இருக்கே!" என்றேன். அதன்மேல் மவுஸை அழுத்தி இழுத்தேன். வெள்ளைக்குள் வெள்ளையாக அவள் கிளினிக் பெயர் வரிவரியாக எழுந்தது. அவளைத் தேடுகிறவர்களை என் வாசலுக்கு இழுத்துவர என் தம்பி செய்த வேலை. அடப்பாவி!

"கண்ணு தெரியறவங்களுக்கு மட்டும் மறைச்சிருக்கீங்கபோல," என்றார் அவர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

தோழிக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"உன் பேஷன்ட் ஒருத்தர் தப்பா இங்க வந்துட்டார்டி."

"நல்லதாப் போச்சு, நீயே பாத்துக்கோ. நான் இந்த வாரத்தோட மூடறேன்டி. ஆளே வர மாட்டேங்கறாங்க, ஏன்னே புரியல. மிச்சம் இருக்கறவங்களையும் உன்கிட்டதான் அனுப்பலாம்னு இருந்தேன். வேற யாரை நம்பறது சொல்லு?"

கட்டிலில் இருந்தவர் முகத்தை என் பக்கம் திருப்பிக் காத்திருந்தார்.

"மூடாதடி," என்றேன். "உன்னைத் தேடறவங்க எங்க போறாங்கன்னு எனக்குத் தெரியும்."